அறுபத்திரண்டாம் அகவையில் இயற்கணிதம்

(வட்டத்தின் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசவிருக்கும் பொருள் யாது என்று நம் செயலாளர் தொலைபேசியில் வினவியபோது, "இயற்கணிதம்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, "ஐயா, அழைப்பிதழில் 'இயற்கை' என்று மட்டும் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். கணிதம் என்ற சொல்லைக் கண்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்னும் கவலை அவருக்கு. கவலையில் நியாயம் இருந்தது. ஆயினும் நான் இசையவில்லை. இன்று நிறைந்திருக்கும் இவ்வவையைக் காணும்போது, அவர் எண்ணிய அளவுக்கு நாம் கணிதத்துக்கு அஞ்சுவோர் அல்லர் என்பது தெரிகின்றது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். கணிதம் பற்றிப் பேச மேடையேறுவோர் கும்பகோணத்து இராமானுசனின் பெருமையைச் சொல்லிக் கைதட்டுப் பெற்று அமர்வது வழக்கம். நான் அவ்வழியில் செல்லப்போவதில்லை. மேதை ஒருவர் கணிதத்தைக் கண்ட வகையைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கற்றதை மறந்துபோன ஒருவன், பிறர்க்குக் கற்பிக்கும் ஆசையால் அதை மீண்டும் கற்கப் புகுந்த கதையே நான் சொல்ல வந்தது.

என்னை அறிந்தோர் பலர் இங்கு உள்ளனர். 1982 முதல் 2018 வரை 36 ஆண்டுகள் அரசுக் கருவூலத்தில் பணி புரிந்தேன். காலை முதல் மாலை வரை எண்களோடுதான் வாழ்வு. சம்பளப் பட்டியல், பிடித்தம், ஓய்வூதியம், நிலுவை என்று கூட்டலும் கழித்தலுமாகவே காலம் போயிற்று. ஆகவே கணக்கில் வல்லவன் என்றொரு பெயர் எனக்குத் தெருவில் உண்டு. அப்பெயரை நானும் நம்பியிருந்தேன். ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளேனும் தெரியாத எண் ஒன்றைத் தேடும் வேலை எனக்கு வாய்க்கவில்லை. கருவூலத்தில் தெரியாத எண் என்று ஒன்று அகப்பட்டால் அதைத் தணிக்கைக்கு அனுப்புவார்களே யன்றி, அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டுக் கொண்டாட மாட்டார்கள்.

எங்கள் தெருவின் கோடியில் உள்ள சமுதாயக் கூடத்தில் இளைஞர் சிலர் மாலைப் படிப்பகம் ஒன்று நடத்துகின்றனர். கட்டணம் இல்லை. வருகின்ற பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர். 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் பத்தாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் வேண்டுமென்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலையை இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள். எட்டாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்து, 2021 செப்டம்பரில்தான் ஒன்பதாம் வகுப்பு மாணவராகப் பள்ளி வாயிலை மிதித்தவர்கள். இயற்கணிதம் வேர் பிடிக்கின்ற வகுப்பு எட்டாம் வகுப்பு. அந்த வேரில்லாமலே பத்தாம் வகுப்புக்கு வந்து நின்றது அத்தலைமுறை. தெருவில் எனக்கிருந்த பெயரை எடுத்துக்கொண்டு நான் படிப்பகத்துக்குச் சென்றேன்.

படிப்பகத்தை நடத்தும் பெண் பொறியியல் பட்டதாரி. என் மகனைவிடப் பத்து வயது இளையவர். என் முன்னுரையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மகிழ்ச்சி ஐயா. எங்களிடம் ஒரு விதி உண்டு. இங்குக் கற்பிக்க வருகின்ற யாரும் கடந்த பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை எங்கள் முன் அமர்ந்து எழுத வேண்டும். நூற்றுக்கு எண்பது எடுத்தால் வகுப்பு" என்றார். எனக்குச் சினம் வந்தது. பேரன் வயதுப் பிள்ளைகள் நோட்டமிட, மர மேசையில் மூன்று மணி நேரம் தேர்வு எழுதுவதா? எழுதினேன். வினாத்தாளின் அமைப்பைப் பெற்றோராகிய நீங்கள் அறிவீர்கள். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டு, ஆக நூறு. நான் பெற்றது 41. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால் அரசின் கணக்கில் நான் தேறியவன். படிப்பகத்தின் கணக்கில் தேறவில்லை.

மதிப்பெண் எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் வேறொன்றைக் கண்டேன். தவறான விடைகளின் அருகே வழக்கமான பெருக்கற்குறி இருந்தது. ஆனால் நான் சரியாகச் செய்திருந்த மூன்று கணக்குகளின் இடையே, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், சிவப்பு மையால் "ஏன்?" என்று எழுதப்பட்டிருந்தது. அதற்கான மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. வினா மட்டும் இருந்தது. சமக்குறிக்கு இடப்பக்கம் இருந்த எண்ணை வலப்பக்கம் கொண்டுசென்று, கூட்டலைக் கழித்தலாக்கியிருந்தேன். ஏன்? அந்தப் பக்கம் போனால் குறி மாறும். ஏன் மாறும்? எனக்கு விடை தெரியவில்லை.

அவையோர் பொறுத்தருள வேண்டும். இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1999ஆம் ஆண்டு. என் மகன் எட்டாம் வகுப்பு. இரவு உணவுக்கு முன் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். "அந்தப் பக்கம் போனால் ஏன் அப்பா குறி மாறுகிறது?" என்று அவன் கேட்டான். போட்டுவிட்டுப் பேசு என்றேன். அவன் போடவில்லை, மீண்டும் அதையே கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது கன்னத்தில் அறைந்தேன். அவன் பிறகு கேட்கவில்லை. அந்த வினாவை மட்டுமன்று, எந்த வினாவையும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 38 பெற்றான். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். இன்று திருப்பூரில் மின்மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகின்றான். கைநிறையச் சம்பாதிக்கின்றான், தொழிலில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அன்று அறைந்ததற்கு நான் இதுகாறும் சொல்லி வந்த காரணம், பிள்ளை அடங்கவில்லை என்பது. சிவப்பு மையில் அதே வினாவைக் கண்டபோதுதான் உண்மைக் காரணம் விளங்கிற்று. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லத் துணிவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து பாடநூல்களை வாங்கி வந்தேன். பத்தாம் வகுப்பு நூலைத் திறந்தேன், புரியவில்லை. ஒன்பதுக்கு இறங்கினேன். அங்கும் நிலைகொள்ளவில்லை. எட்டு, பிறகு ஏழு. ஏழாம் வகுப்பு நூலில்தான் கால் தரையில் பட்டது. வீட்டில் என் துணைவியார், "அடுத்து அரிச்சுவடியா?" என்றார்.

முதலில் குறிகள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் நிறை எண் வரும் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். பகைவனுக்குப் பகைவன் நண்பன் என்று ஒரு வாத்தியார் எங்களுக்குச் சொன்னார். கேட்க நன்றாயிருந்ததே தவிர அது காரணமன்று. காரணம் என் பழைய அலுவலகத்திலேயே இருந்தது. ஒருவருடைய சம்பளத்தில் மாதம் 200 ரூபாய் கடனுக்காகப் பிடித்தம் செய்கின்றோம். அவருக்கு அது குறை 200. அத்தகைய பிடித்தங்கள் மூன்றை நீக்கிவிடும்படி ஆணை வருகின்றது. நீக்குதல் என்பதும் குறைத்தலே. மூன்று பிடித்தங்களைக் குறைக்கின்றோம். அவர் கைக்கு 600 ரூபாய் கூடுதலாகச் செல்கின்றது. இத்தகைய ஆணைகளை என் கையாலேயே எத்தனையோ முறை பதிந்திருக்கின்றேன். அதுதான் இது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பின்னர் படித்தறிந்தேன், கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் நூலில் நிறை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் பெயரிட்டே இவ்விதிகளை வகுத்திருக்கின்றார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கருவூலக்காரனுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதை நான்தான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்தது சமக்குறி. இரண்டு சிறு கோடுகள். 1557இல் இங்கிலாந்தில் இராபர்ட் ரெக்கார்டு என்பவர் தம் நூலில் அதை முதன்முதலாக அச்சேற்றினார். இணையாகச் செல்லும் இரு கோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பது அவர் கூறிய காரணம். நாம் அதை எப்படிப் படிக்கின்றோம்? "விடை என்னவென்றால்" என்று படிக்கின்றோம். மூன்றும் நான்கும் கூட்டினால் வருவது ஏழு. ஆகவே அக்குறி ஓர் ஏவற்குறி என்றே பிள்ளைகள் கருதுகின்றனர். அது தராசு. மளிகைக் கடையில் பழைய தட்டுத் தராசைப் பார்த்தவர்கள் நாம். ஒரு தட்டில் எக்ஸ் என்னும் மூட்டையும் ஐந்து படிக்கல்லும். மறுதட்டில் பன்னிரண்டு படிக்கல். மூட்டையின் எடை வேண்டுமானால் இரு தட்டிலிருந்தும் ஐந்தைந்து கல்லை எடுக்க வேண்டும். எந்தக் கல்லும் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தாவுவதில்லை. தாவும்போது குணம் மாறுவதுமில்லை. ஏன் குறி மாறுகின்றது என்று என் மகன் கேட்டதற்கு விடை, குறி மாறவே இல்லை என்பதுதான். இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கின்றோம். ஒரு பக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றது.

அல்ஜீப்ரா என்னும் சொல்லே இச்செயலின் பெயர் என்பதை அறிந்தபோது வியந்தேன். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் அல்ஜபர், அல்முகாபலா என இரு சொற்கள் உள்ளன. கழிபட்டுக் குறையாக நிற்பதை இருபுறமும் கூட்டி முழுமையாக்குவது அல்ஜபர். இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளை ஈடுகட்டி நீக்குவது அல்முகாபலா. ஜபர் என்றால் முறிந்ததைச் சேர்த்தல், செப்பனிடுதல். அதனால் பழைய ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகின்றவருக்கு அல்ஜெப்ரிஸ்டா என்றே பெயர். நம் வழக்கில் சொன்னால் அது கணக்கின் புத்தூர்க் கட்டு. இதைப் படிப்பகத்தில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்; தேர்வுக்கு வருமா என்று ஒருவன் கேட்டான்.

இனி நான் மிகவும் விரும்பும் இடத்துக்கு வருகின்றேன். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க நம்மில் பலர் ஒரு சூத்திரத்தை உருப்போட்டிருப்போம். மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ் என்று தொடங்குமே, அது. எனக்கு அது 46 ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை. கந்தர் சஷ்டி கவசம் போல நாவில் இருந்தது. ஆனால் அது எங்கிருந்து வந்தது? அல்குவாரிஸ்மியின் புகழ்பெற்ற கணக்கு ஒன்று உண்டு. ஒரு சதுரமும் அதன் பக்கத்தைப் போல் பத்து மடங்கும் சேர்ந்தால் 39, பக்கம் எவ்வளவு? பழைய நாள்காட்டித் தாள்களைக் கத்தரித்துக் கூடத்துத் தரையில் பரப்பினேன். பக்கம் தெரியாத ஒரு சதுரம். அதனோடு ஒட்டி, அதே பக்கமும் பத்து அகலமும் கொண்ட ஒரு செவ்வகம். இரண்டின் பரப்பும் சேர்ந்து 39. இப்போது அச்செவ்வகத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஐந்தகலத் துண்டுகள் இரண்டு. ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். ஏறத்தாழ ஒரு பெரிய சதுரம் உருவாகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்து அளவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு 25 வேண்டும். 39உம் 25உம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் எட்டு. அதிலிருந்து ஐந்தகலத்தை நீக்கினால் மூன்று. விடை மூன்று.

நான் தரையில் அமர்ந்தவாறே இருந்தேன். வர்க்கப் பூர்த்தி என்று பாடநூலில் பெயரிட்டுள்ளது, பூர்த்தி செய்யப்படும் ஓர் உண்மையான மூலையைத்தான். சூத்திரத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் ஒரு தாள் துண்டு. நம் நாட்டில் ஸ்ரீதரர் முறை என வழங்குவதும் இந்த மூலையை நிரப்புகின்ற வேலையே. இச்சமன்பாட்டுக்குக் குறை 13 என்று மற்றொரு விடையும் உண்டு. அல்குவாரிஸ்மி அதைக் கொள்ளவில்லை. நிலத்தின் பக்கம் குறையெண்ணாக இருப்பது எப்படி? தாளைக் கத்தரிக்கும் எனக்கும் அது அகப்படவில்லை. அங்கே தாளைவிட்டு எழுத்துக்குத்தான் போக வேண்டும். தாள் எங்கே நின்றுவிடுகின்றது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு ஏமாற்றே.

இலக்கிய வட்டத்தில் நின்றுகொண்டு சொற்களைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். நம் பாடநூலில் ஓர் உறுப்பின் முன் நிற்கும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். இலங்கைத் தமிழர் குணகம் என்பர். இயற்கணிதத்தையும் அவர்கள் அட்சரகணிதம் என வழங்குவர். எனக்குக் கெழு என்பதில் ஒரு பற்று. வளங்கெழு, நாடுகெழு எனச் சங்கத் தமிழில் பயின்ற சொல். பொருந்தி நிற்பது, உடன் நிற்பது. திருக்குறளில் பழைமை என்னும் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டாம் குறளில் உறுப்பு என்ற சொல்லும் கெழுதகைமை என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. கலைச்சொல் ஆக்கியோர் அக்குறளை நினைந்துதான் ஆக்கினரோ என்பதை நான் ஆராயவில்லை. அணி என்ற சொல்லில் மட்டும் சிறு இடர். எண்களைக் கட்டத்தில் நிரைநிரையாக அடுக்குவதற்கு அணி என்று பெயர். "அணியின் வகைகளை எழுதுக" என்ற வினாவுக்கு ஒரு சிறுவன் உவமை, உருவகம் என்று தொடங்கிவிட்டான். தமிழ்த்தாளில் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

தெரியாத எண்ணுக்கு எழுத்தை வைப்பது எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. அல்குவாரிஸ்மி எல்லாவற்றையும் உரைநடையிலேயே எழுதினார். நம் நாட்டில் பாஸ்கரர் முதலாவது தெரியாத அளவை யாவத்தாவத், அதாவது எவ்வளவோ அவ்வளவு என்றும், அடுத்தவற்றைக் காளகம், நீலகம், பீதகம் என நிறங்களாலும் குறித்தார். எக்ஸ், ஒய், இசட் என்னும் வழக்கம் 1637இல் வெளிவந்த தெக்கார்த்தின் நூலுக்குப் பின் நிலைத்தது. ஆனால் பெயரில்லாத ஒன்றைப் பற்றிப் பேசும் கலை நமக்கு அயலானதன்று. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. தலைவன், தலைவி, தோழி என்றுதான் வருவர். பெயர் சுட்டாததால் அப்பாட்டு எல்லார்க்கும் உரியதாகின்றது. புறத்தில் பெயர் வரலாம்; இன்ன மன்னன், இன்ன போர். இயற்கணிதத்திலும் இருவகை உண்டு. எந்த எண்ணை இட்டாலும் உண்மையாக நிற்பது முற்றொருமை. குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கோ இரண்டு எண்ணுக்கோ மட்டும் உண்மையாவது சமன்பாடு. முன்னதில் எழுத்து தலைவனைப் போல எவனாகவும் இருக்கலாம். பின்னதில் அது முகம் மறைத்து நிற்கும் ஒருவன், நாம் கண்டுபிடிக்க வேண்டியவன். ஒப்புமை ஓரளவுக்குத்தான் செல்லும். மேலே இழுத்தால் அறுந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் இவ்வேறுபாட்டைப் பாடநூலில் படித்தபோது விளங்காதது, இப்படி எண்ணியபோது விளங்கிற்று.

எல்லாம் இன்பமாகவே இருந்தது என்று சொன்னால் பொய். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் காண்பது என்று ஒன்று பத்தாம் வகுப்பில் உண்டு. முறையாகச் செய்தால் விடை வரும். இன்றுவரை அதில் எனக்குச் சுவை பிறக்கவில்லை, பிள்ளைகளுக்கும் பிறக்கவில்லை. சிலவற்றைக் கைப்பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. உருப்போடுவதை நான் இகழவில்லை. எண்சுவடியைப் பாடமாக ஒப்பித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முந்திரியும் காணியும் மனத்திலேயே பெருக்கினார்கள். என் பாட்டனார் அவர்களுள் ஒருவர்.

ஆகத்து இறுதியில் மீண்டும் தேர்வெழுதி 72 பெற்றேன். அந்தப் பெண் இரங்கவில்லை. செப்டம்பரில் 87. இம்முறை "ஏன்?" ஒரே இடத்தில் இருந்தது. இரு பக்கத்தையும் எக்ஸால் வகுத்திருந்தேன். எக்ஸ் சுழியாக இருந்தால் என்ன செய்வாய் என்பது வினாவின் உட்பொருள். மறுநாள் விடையைச் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குள் சென்றேன்.

வகுப்பில் இருந்தோர் ஒன்பது பேர். அவர்களுள் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கின்றேன். தந்தை இல்லை, தாய் நூற்பாலையில் வேலை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 11. "பத்தில் தவறினால் என்னோடு ஆலைக்கு வரட்டும்" என்று தாய் படிப்பகத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, பேருந்து நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். அப்பெண் பலகையில் ஒரு கணக்கைப் போட்டாள். மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு. விடை குறை நான்கு என்று எழுதினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட நான்கு என்று சொல்லிவிடும். இவளுக்கு ஏன் குறை நான்கு? பழைய நானாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். எப்படி வந்தது என்று கேட்டேன். "மூன்று அந்தப் பக்கம் போனால் வகுத்தல் ஆகும். அந்தப் பக்கம் போனால் குறியும் மாறும். அப்படித்தானே ஐயா சொல்லிக்கொடுத்தார்கள்?" என்றாள். அவள் தவறு செய்யவில்லை, அன்பர்களே. கற்பித்ததை முழு நம்பிக்கையோடு கடைப்பிடித்திருந்தாள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் என் மகனுக்குக் கொடுத்த அதே விதி அது.

அவளுக்கு எழுத்தே அச்சம். "எக்ஸ் ஓர் எண்தான் என்றால் அந்த எண்ணையே எழுதிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டாள். அகத்திணையை அவளிடம் சொல்லவில்லை. குடும்ப அட்டைக்கு எழுதும் விண்ணப்பப் படிவத்தைக் காட்டினேன். பெயர் என்று அச்சிட்டுப் பக்கத்தில் கோடு விட்டிருக்கின்றார்கள் அல்லவா, அந்தக் கோடுதான் எக்ஸ் என்றேன். யார் பெயரும் அதில் வரலாம்; நீ நிரப்பும்போது உன் பெயர் மட்டும் வரும். அவள் சற்று எண்ணிவிட்டு, "அப்படியானால் ஒரே கோட்டில் இரண்டு பெயர் வருமா?" என்றாள். வரும், இருபடிச் சமன்பாட்டில் வரும் என்றேன். அன்று வகுப்பு முடிய இரவு ஒன்பது ஆயிற்று.

விரைவாக முன்னேறினாள் என்று சொல்வதற்கில்லை. உறுப்புக்கும் காரணிக்கும் உள்ள வேறுபாட்டில் டிசம்பர் வரை தடுமாறினாள். பின்னத்தில் மேலும் கீழும் எக்ஸைக் கண்டால் அடித்துவிடுவாள்; எக்ஸ் கூட்டல் 2, கீழே எக்ஸ் கூட்டல் 5 என்றால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள். பெருக்கி நிற்பதைத்தான் நீக்கலாம், கூட்டி நிற்பதை நீக்கலாகாது என்று எத்தனையோ முறை சொன்னேன். கடைசியில் எக்ஸுக்கு ஒன்று என்று இட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறில் மூன்று, அதாவது பாதி வந்தது. ஐந்தில் இரண்டு வரவில்லை. அதன்பின் அவளே எதை ஐயுற்றாலும் ஓர் எண்ணை இட்டுப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அப்பழக்கத்தை யாரும் கற்பித்ததில்லை. அரையாண்டில் 29. 2023 ஏப்ரல் பொதுத்தேர்வில் 54. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். மற்ற எண்மருள் ஒருவன் தவறிவிட்டான்; துணைத்தேர்வுக்கு அவனை அழைத்தோம், வரவில்லை. அவன் வீட்டுக்கு நான் இன்னும் இருமுறை சென்றிருக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு மகன் ஊருக்கு வந்திருந்தான். நாள்காட்டித் தாளில் கத்தரித்த சதுரமும் செவ்வகங்களும் ஓர் உறையில் இருந்தன. கூடத்தில் அவன் முன் அவற்றைப் பரப்பி, தராசில் தொடங்கி மூலைப் பள்ளம் வரை சொன்னேன். தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். துண்டுகளை ஒருமுறை கலைத்துத் தானே மீண்டும் சேர்த்தான். மோட்டாரைப் பிரித்துப் பூட்டும் கை, தவறாமல் சேர்த்தது. "எட்டாம் வகுப்பில் இதைத்தானே அப்பா கேட்டேன்" என்றான். "ஆம். அன்று எனக்குத் தெரியாது" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அந்த உறையைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

இவ்வாண்டு படிப்பகத்தில் பதினோரு பிள்ளைகள். நிகழ்தகவுப் பாடத்தில் நான் இன்னும் தெளிவடையவில்லை என்று அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டார். அதற்கும் ஒரு வினாத்தாள் ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றது. வகுப்பு மாலை ஆறரைக்கு. இப்போது ஆறு ஆகின்றது. தலைவர் தம் முடிவுரையை ஆற்றும்போது நான் அவையில் இல்லாமல் போவதைப் பொறுத்தருள வேண்டும்.